கிளி கேட்ட கேள்வி

அன்று முற்பகலில் பள்ளிக்கூடத்தில் கூட்டம். ஒன்பது வயது மகள் மூன்றாம் வகுப்பிலேயே தொடரலாமா, ஊருக்கு வெளியே இருக்கும் விடுதிப் பள்ளிக்கு அவளை அனுப்பிவிட வேண்டுமா என்று அதில்தான் தெரியும். போன வாரம் தலைமையாசிரியை அப்படிச் சொல்லி அனுப்பியதிலிருந்து அம்மாவுக்கு வாயில் வைத்தது தொண்டையில் இறங்கவில்லை.

அப்பாவுக்கு விடுதியில் அவ்வளவு வெறுப்பில்லை. "அங்கே இவளை மாதிரிப் பிள்ளைங்க இருக்காங்க. பார்த்துக்கறதுக்கு ஆள் இருக்கு. நாம ரெண்டு பேரும் எத்தனை நாளைக்கு இப்படி ஓட முடியும்?" என்று போன வாரமே கேட்டுவிட்டார். அவர் லிஃப்ட் மெக்கானிக். நாள் முழுவதும் இருட்டுக் குழிகளில் எண்ணெயும் இரும்புமாக உழைத்துவிட்டு வருகிறவர். மகள்மேல் உயிரையே வைத்திருந்தார். ஆனால் களைத்துப்போயிருந்தார்.

மகளுக்குக் கிளி என்ற பெயரைச் சூட்டியதும் அவர்தான். பேச்சு வந்த நாளிலிருந்து, சொன்னதைச் சொல்லுமாம் கிளிப்பிள்ளை என்கிற மாதிரி, காதில் விழுந்ததைத் திருப்பிச் சொல்வாள். அது வெறும் மழலை இல்லை என்று மருத்துவர்கள் சொன்னபோது, பெயர் ஒட்டிக்கொண்டு வெகுகாலம் ஆகியிருந்தது.

கிளியின் பேச்சில் 'நான்' கிடையாது, 'எனக்கு' கிடையாது. தனக்குப் பசித்தால், "பசிக்குதா கிளி?" என்பாள். உறக்கம் வந்தால், "தூங்கலாமா?" என்பாள். மற்றவர்கள் தன்னிடம் எந்தச் சொல்லால் விசாரித்தார்களோ, அதே சொல்லால் தன் தேவையைச் சொல்வாள். வீட்டில் இருப்பவர்களுக்கு அது பழகிப்போன பாஷை. பள்ளிக்கூடத்தில் பக்கத்திலேயே உட்கார்ந்து உதவிய ஆசிரியைக்கும் அது தெரிந்திருந்தது. இந்த வருடம் மூன்று வகுப்புக்கும் சேர்த்து ஒரே உதவி ஆசிரியை என்று ஆக்கிவிட்டார்கள். அவர் கிளியின் வகுப்பை எட்டிப் பார்ப்பதே அபூர்வமாகிவிட்டது.

"பக்கத்துல ஒரு பிள்ளை விழுந்து அழுதாக்கூட இவ தாண்டிப் போயிடறா" என்று தலைமையாசிரியை குறைப்பட்டிருந்தார். "மத்தவங்க இருக்கறதே அவளுக்குத் தெரியல. அந்தப் பழக்கம் கொஞ்சம் வந்துட்டா நிர்வாகத்துகிட்ட நான் துணிஞ்சு பேசுவேன்."

அந்த ஒரு வார்த்தையை அம்மா கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அன்றே வீட்டில் பாடம் தொடங்கியது.

அப்பா முழங்காலைப் பிடித்துக்கொண்டு முனகுவார். கிளி அவரைப் பார்த்து, "வலிக்குதா?" என்று கேட்க வேண்டும். அம்மா நெற்றியைப் பிடித்துக்கொள்வாள். "வலிக்குதா?" கீழ்வீட்டில் இருக்கும் அப்பாவின் அக்காவும் நடிக்க வந்தாள். அத்தை பல்லைப் பிடித்துக்கொண்டு நடித்தால் தெருவுக்கே பல் வலித்துவிடும்.

"போதும் அண்ணி, பிள்ளை பயப்படுது" என்பாள் அம்மா.

"நானா வந்தேன்? நீதானே கூப்பிட்டே. கிளிப்பிள்ளைக்குப் பாடம் சொல்றதுன்னா சும்மாவா?"

சரியாகக் கேட்டால் பரிசு உண்டு. அம்மாவுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. புதுக் கண்ணாடி ஃபிரேம்களில் பேருக்கு மாட்டியிருக்கும் பிளாஸ்டிக் வில்லைகளைக் கழற்றிக் குப்பையில்தான் போடுவார்கள். அவற்றை வீட்டுக்குக் கொண்டுவருவாள். வெளிச்சத்துக்கு எதிரே ஒன்றைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதைவிடக் கிளிக்குப் பெரிய சந்தோஷம் எதுவும் கிடையாது.

இரண்டு நாளாயிற்று, மூன்று நாளாயிற்று. வில்லைகள் கைமாறின. நேற்று மாலை அதிசயம் நடந்தது. யாரும் நடிக்கவில்லை. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அம்மாவின் பின்னால் வந்து நின்று, கிளி தானாகவே, "வலிக்குதா?" என்றாள்.

அம்மா ஈரக்கையோடு அவளை அணைத்துக்கொண்டு அழுதுவிட்டாள். 'கடவுளே, இவ வாய்க்கு ஒரு வழி காட்டு' என்று அவள் வேண்டாத நாளில்லை. வேண்டியது கிடைத்துவிட்டது என்றே நம்பினாள்.

கூட்டத்தன்று காலையில் வீடே அவசரத்தில் பறந்துகொண்டிருந்தது.

கிளி மேசை முன்னால் உட்கார்ந்திருந்தாள். தட்டில் வைத்தது வைத்தபடி இருந்தது. உடம்பை ஒரு பக்கமாகச் சுருக்கிக்கொண்டிருந்தாள். அம்மா அவளுக்கு வெந்நீரில் நனைத்த துண்டால் முகம் துடைத்துவிட்டாள். துண்டு சூடாகத்தான் இருந்தது. நெற்றியும் சூடாக இருந்தது அவளுக்குத் தனியாகத் தெரியவில்லை.

"வலிக்குதா?" என்றாள் கிளி.

"அம்மாவுக்கு வலிக்கல தங்கம். சமத்து." அவசரமாக ஒரு வில்லையை எடுத்து அவள் கையில் வைத்தாள். அது நழுவித் தரையில் விழுந்தது. கிளி குனிந்து எடுக்கவில்லை.

"வலிக்குதா?"

"இன்னிக்கு இதையே ஸ்கூல்லயும் கேக்கணும், என்ன? டீச்சர்கிட்ட, கூட இருக்கற பிள்ளைங்ககிட்ட. எல்லார்கிட்டயும்."

அப்பா கருவிப்பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தார்.

"நீங்க வரலியா?"

"பத்து மாடிக் கட்டடம். லிஃப்ட் நடுவுல நின்னுபோச்சாம். நான் வந்தாலும் என்ன பேசப்போறேன்? நீ பேசு." செருப்பை மாட்டியபடியே, கிளியைப் பார்க்காமல் சொன்னார். "என்ன முடிவு வந்தாலும் சண்டை போடாதே."

படியிறங்கும்போது கிளி ஒவ்வொரு படியிலும் நின்றாள். கீழே அத்தை கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள்.

"கூட்டமா இன்னிக்கு? போ, போ. ஊர் முழுக்கச் சுத்தி வந்தாலும் கடைசியில அந்த விடுதி வாசல்லதான் நிக்கப்போறே. என் தம்பி முகத்தைப் பார்த்தியா, எப்படிக் கறுத்துப்போச்சுன்னு?"

"வலிக்குதா?" என்று அத்தையைப் பார்த்துக் கேட்டாள் கிளி.

"ஆமாண்டி, மனசு வலிக்குது. சும்மா கிட" என்றாள் அத்தை.

அம்மா அவளை இழுக்காத குறையாக நடத்திக்கொண்டு போனாள்.

கிளியை வகுப்பில் விட்டுவிட்டு, கூட்ட நேரம்வரை அம்மா காத்திருந்தாள். தலைமையாசிரியையின் அறையில் பெரியவர்களுக்கு இரண்டே நாற்காலிகள். மற்றவை பிள்ளைகளின் குட்டை நாற்காலிகள். அம்மா அப்படி ஒன்றில் முழங்கால்கள் நெஞ்சில் இடிக்க உட்கார்ந்திருந்தாள். எதிரே தலைமையாசிரியை. பக்கத்தில் வகுப்பு டீச்சர், வேலைக்கு வந்து இரண்டாவது வருடம்தான் ஆகிறது. விரல்களில் சாக்பீஸ் தூள் அப்படியே இருந்தது.

"பிள்ளை இப்ப எப்படி இருக்கா? டீச்சரே சொல்லட்டும்" என்றார் தலைமையாசிரியை.

டீச்சரின் முகம் மலர்ந்தது. "மேடம், இன்னிக்கு நான் சொல்றதுக்கு நல்ல விஷயம் இருக்கு. காலையில வந்ததும் என்கிட்ட வந்து, வலிக்குதான்னு கேட்டா. எனக்கு ஒண்ணும் புரியல. அப்புறம் பார்த்தா, பக்கத்துல இருக்கற பொண்ணைக் கேக்கறா, முன்னால இருக்கறவனைக் கேக்கறா. ஒவ்வொரு பிள்ளைகிட்டயும் விசாரிக்கறா. நான் எல்லாரையும் கை தட்டச் சொன்னேன். சட்டையில ஒரு நட்சத்திரம்கூட ஒட்டிவிட்டேன்."

"அப்படியா?" தலைமையாசிரியை நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அது மட்டுமில்ல மேடம். எப்பவும் இடத்தை விட்டு எழுந்து ஓடிக்கிட்டே இருப்பாளே, இன்னிக்கு ரெண்டாவது பீரியட்ல இருந்து அசையவே இல்ல. அவ்வளவு அமைதி."

அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "வீட்டுல சொல்லிக்குடுத்தோம் மேடம். விடாம சொல்லிக்குடுத்தோம்."

தலைமையாசிரியை நல்லவர். கண்டிப்பு அவர் வேலையோடு வந்தது, இரக்கம் அவரோடு பிறந்தது. மேசையை விரலால் மெல்லத் தட்டினார். "சரிம்மா. இவ்வளவு தூரம் வந்துட்டான்னா, நான் நிர்வாகத்துகிட்ட பேசறேன். இங்கேயே இருக்கட்டும்."

இங்கேயே இருக்கட்டும். அம்மாவின் காதில் அது அசரீரி போல விழுந்தது. கைகூப்ப எழுந்தாள்.

டீச்சர் சிரித்தபடியே தொடர்ந்தாள். "இதுல வேடிக்கை என்னன்னா மேடம், பிள்ளைங்களை மட்டுமில்ல, ஆளே இல்லாத பெஞ்சைப் பார்த்து வலிக்குதாங்கறா. சுவத்தைப் பார்த்துக் கேக்கறா. ஜன்னலைப் பார்த்துக் கேக்கறா. பிள்ளைங்களுக்கு ஒரே சிரிப்பு."

கூப்பிய கைகள் அப்படியே நின்றன.

சுவருக்கு முழங்கால் இல்லை. ஜன்னலுக்கு நெற்றி இல்லை. வலிக்கிற ஒருவர் முன்னால் இருந்தால்தான் கேட்க வேண்டும் என்பது பாடம். நேற்று மாலை பாத்திரம் கழுவியபோது அம்மா நெற்றியைப் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை. காலையிலும் இல்லை. பசிக்குதா கிளி. தூங்கலாமா. வலிக்குதா.

"அவ எங்களைக் கேக்கல" என்றாள் அம்மா. "அவளுக்கு வலிக்குது."

தலைமையாசிரியை என்னவென்று கேட்பதற்குள் அவள் அறையைத் தாண்டிவிட்டாள்.

வகுப்பில் பிள்ளைகள் படம் வரைந்துகொண்டிருந்தார்கள். கிளி கடைசி பெஞ்சில், கன்னத்தைப் பலகையில் வைத்து, முழங்கால்களை வயிற்றோடு ஒடுக்கிக்கொண்டு கிடந்தாள். சட்டையில் நட்சத்திரம் மின்னியது. உடம்பு அனலாய்க் கொதித்தது. அம்மா அவள் வயிற்றில் கை வைத்ததும், கிளியின் உதடு மட்டும் அசைந்தது. இப்போது அவள் எதுவும் கேட்கவில்லை. யாரிடமும் கேட்டுப் பயனில்லை என்று விட்டுவிட்டவள் போல இருந்தாள்.

அவளைத் தூக்கிக்கொண்டு அம்மா வாசலுக்கு ஓட, பின்னாலேயே டீச்சரும் ஓடிவந்தாள்.

ஆஸ்பத்திரியில் பார்த்தபோது, குடல்வால் வெடித்துச் சீழ் வயிற்றுக்குள் பரவியிருந்தது. உடனே அறுத்துச் சுத்தம் செய்ய வேண்டும் என்றார் மருத்துவர். அறுவை அறைக்குள் போகுமுன் அவர் கேட்டார்.

"நேத்தே வலி ஆரம்பிச்சிருக்கணும். பெரியவங்களே இதுக்குத் துடிச்சிடுவாங்க. பிள்ளை உங்ககிட்ட ஒண்ணும் சொல்லலியா?"

"சொன்னா" என்றாள் அம்மா. "எல்லார்கிட்டயும் சொன்னா."

மருத்துவர் அவளை ஒருமுறை பார்த்துவிட்டு உள்ளே போனார். கதவு சாத்திக்கொண்டது.

அப்பா லிஃப்ட் குழிக்குள் இறங்கியிருந்ததால் போன் மேலே கிடந்து அடித்து ஓய்ந்திருந்தது. செய்தி கிடைத்து அவர் வந்து சேர்ந்தபோது கையெல்லாம் கிரீஸ். அவரோடு அத்தையும் வந்தாள், மாற்று உடுப்புகளை ஒரு பையில் திணித்துக்கொண்டு. அம்மா நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். தன்னைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு சொல்லும் சேர்க்கவில்லை.

அப்பா சுவரோரம் உட்கார்ந்தார்.

"நேத்து நான் வேலை முடிஞ்சு வந்ததும் என்கிட்டயும் கேட்டா. பாடம்னு நினைச்சேன். ஆமா கிளி, முட்டி வலிக்குதுன்னேன்." கிரீஸ் கையால் தன் முழங்காலைத் தொட்டார். "குனிஞ்சு தடவிக்குடுத்தா. அந்த வலியோட, என் முட்டியைத் தடவிக்குடுத்தா."

"நான் சும்மா கிடன்னுட்டேன்டா" என்றாள் அத்தை. வழியில் நின்ற யாரோ ஒருவரிடம் கேட்டுத் துணி ஒன்றை வாங்கிவந்து, தம்பியின் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துவிட ஆரம்பித்தாள். சின்ன வயதில் செய்திருப்பாள் போலிருக்கிறது. ஐம்பது வயது மனிதர் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

சிறிது தள்ளி டீச்சர் நின்றுகொண்டிருந்தாள். போகச் சொல்லியும் போகவில்லை.

மாலை சாய்கிற நேரத்தில் அறுவை முடிந்தது. உயிருக்கு உடனடி ஆபத்தில்லை, ஆனால் விஷம் இரத்தத்தில் கலந்திருக்கிறதா என்பது போகப்போகத்தான் தெரியும், காய்ச்சல் இறங்க வேண்டும் என்றார்கள். மயக்கம் தெளிகிறவரை யாரும் உள்ளே வரக்கூடாது.

அந்த நேரத்தில்தான் தலைமையாசிரியை வந்தார். அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, கொஞ்ச நேரம் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு தணிந்த குரலில் பேசினார்.

"நாளைக்கு நிர்வாகத்துல கேப்பாங்கம்மா. காலையில பேசினதையே சொல்லிடறேன். பிள்ளை மத்தவங்களை விசாரிக்கப் பழகிட்டா, அடங்கி உட்கார்றா, அவ்வளவுதான். உடம்புக்கு வந்தது தனி. இதையும் அதையும் முடிச்சுப்போட யாரும் வரமாட்டாங்க. இடம் நிலைச்சிடும்."

இரக்கத்தில் சொன்னதுதான். தனக்கும் பழி வராது என்ற எண்ணம் கடுகளவு அதில் இருந்திருக்கலாம். மனிதர்தானே.

அம்மா சாத்திய கதவைப் பார்த்தாள். இந்த ஒரு வரத்துக்காகத்தான் இத்தனை நாள் தூக்கமில்லாமல் கிடந்தாள்.

"அப்படிச் சொல்லிட்டா, அடுத்த தடவை அவ வலிக்குதான்னு கேட்டா என்ன செய்வீங்க மேடம்?"

தலைமையாசிரியை மடியில் இருந்த கைப்பையைச் சரிசெய்துகொண்டார்.

"சமத்துன்னு கை தட்டுவாங்க. நானும் அதைத்தான் செஞ்சேன். பரிசு குடுத்தேன்." அம்மா மெதுவாகச் சொன்னாள். "அவ மாறல மேடம். அவளுக்கு இருந்த ஒரே ஒரு வார்த்தையை நான்தான் பிடுங்கி உங்களுக்குக் குடுத்துட்டேன். நடந்ததை நடந்தபடி சொல்லிடுங்க."

"உண்மையைச் சொன்னா பக்கத்துல ஆள் போடணும்பாங்க. ஆள் இல்ல. அப்புறம் விடுதின்னுதான் வந்து நிக்கும். யோசிச்சுப் பேசு."

"தெரியும்."

தலைமையாசிரியை அப்பாவைப் பார்த்தார். விடுதிக்கு அவர் தலையாட்டுவார் என்பது பள்ளியில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

அப்பா தலையாட்டவில்லை. "வீட்டுல இருந்த எங்களுக்கே புரியல" என்றார். "அங்கே முகம் தெரியாதவங்ககிட்ட கேட்டுக்கிட்டு நிப்பா. எனக்கு இப்ப ஒண்ணும் சொல்லத் தெரியல மேடம்."

அப்போது டீச்சர் கிட்டே வந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது. தலைமையாசிரியையை ஏறிட்டுப் பார்க்காமல், அம்மாவின் முன்னால் தரையில் உட்கார்ந்தாள்.

"அவ பேசறதை எனக்குச் சொல்லிக்குடுங்க. எதுக்கு என்ன சொல்லுவான்னு. ஒவ்வொண்ணா."

"ஏம்மா, ஒரு வகுப்பு நிறையப் பிள்ளைங்களை வெச்சுக்கிட்டு நீ எத்தனை பாஷை படிப்பே?" என்றாள் அத்தை. கேலி இல்லை அதில். நிஜமாகவே கேட்டாள்.

"இது ஒண்ணுதான் எனக்குத் தெரியாம இருந்தது" என்றாள் டீச்சர். "நாளைக்கு மேடத்தோட நானும் போறேன். பேச விடுவாங்களா தெரியாது. ஆனா போறேன்."

தலைமையாசிரியை கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்து, நாளைக்குப் பார்க்கலாம் என்று பொதுவாகச் சொல்லிவிட்டு நடந்தார்.

அம்மா சொல்ல ஆரம்பித்தாள். பசிக்கு ஒன்று, தூக்கத்துக்கு ஒன்று, பயத்துக்கு ஒன்று. "இடி இடிச்சா, ஒண்ணுமில்ல ஒண்ணுமில்லம்பா. அவளுக்குப் பயமா இருக்குன்னு அர்த்தம்." டீச்சர் பாடம் கேட்கிற பிள்ளையைப் போல ஒவ்வொன்றையும் வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள்.

உள்ளேயிருந்து நர்ஸ் வந்தாள். நல்ல முகம், சிரித்த முகம்.

"கண்ணைத் திறந்துட்டா. காய்ச்சல் இன்னும் இறங்கல, ஆனா எவ்வளவு நல்ல பிள்ளைங்க உங்க பொண்ணு. அந்த நிலைமையிலயும் என்னைப் பார்த்து, தண்ணி வேணுமா, தண்ணி வேணுமான்னு கேக்குது. எனக்கு வேண்டாம்டா கண்ணு, நீ தூங்குன்னு சொல்லிட்டு வந்தேன்."

தரையில் உட்கார்ந்திருந்த டீச்சர் சட்டென்று எழுந்தாள். அம்மாவுக்கு முன்னால் அவள் பேசினாள்.

"அவளுக்குத்தான் தண்ணி வேணும் சிஸ்டர்."

நர்ஸின் சிரிப்பு நின்றது. "தண்ணி குடுக்கக்கூடாதே. வயித்துல தையல் போட்டிருக்கு. ஒரு சொட்டுகூட ஆகாது." பிறகு அம்மாவைப் பார்த்து, "நீங்க ஒருத்தர் மட்டும் உள்ள வாங்க. பஞ்சு தர்றேன். நனைச்சு உதட்டுல வேணா ஒத்தலாம்" என்றாள்.

குழாய்களுக்கு நடுவே கிளி இன்னும் சின்னதாகத் தெரிந்தாள். அம்மா குனிந்தாள்.

"தண்ணி வேணுமா?" என்றாள் கிளி.

"உனக்குத் தண்ணி வேணும். அம்மாவுக்குத் தெரியுது. இப்ப குடுக்க முடியாதுடா தங்கம்."

நனைத்த பஞ்சை உதட்டில் வைத்தாள். கிளி அதைப் பற்களால் பற்றிக்கொண்டு உறிஞ்சப் பார்த்தாள். அதில் உறிஞ்சும் அளவுக்கு எதுவும் இல்லை. அம்மா பஞ்சை மெல்ல விடுவித்து, மறுபடி நனைத்து, மறுபடி வைத்தாள்.